பில்லருக்குள் ஒரு கொக்கி

ஃபிளாட் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இந்தக் கட்டடம் எத்தனை ரிக்டர் வரைக்கும் தாங்கும் மேடம்?" என்றுதான். பில்லர், பீம், தளம் இவற்றைக் கணக்கிட்டு வரைந்து கொடுப்பது என் தொழில். சென்னையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதைச் செய்துவருகிறேன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு ரிக்டரில் பதில் சொல்ல முடியாது. ரிக்டர் என்று நாம் சொல்லும் எண், பூமிக்கு அடியில் பாறை பிளந்தபோது வெளிப்பட்ட ஆற்றலின் அளவு. ஒரு நிலநடுக்கத்துக்கு ஓர் எண்தான். உங்கள் வீட்டுக்கு அடியில் தரை எவ்வளவு ஆடும் என்பது வேறு விஷயம். பிளவு எத்தனை தூரத்தில் இருக்கிறது, வீட்டுக்கு அடியில் இருப்பது பாறையா, களிமண்ணா, ஆற்று வண்டலா என்பதையெல்லாம் பொறுத்து அது மாறும். அந்த ஆட்டத்தில் கட்டடம் நிற்குமா என்பதோ, பெரும்பாலும் மனிதர்கள் கையில் இருக்கிறது. இதை நான் புத்தகத்தில் படித்ததைவிட அகமதாபாத்தில்தான் அதிகம் புரிந்துகொண்டேன்.

2001 ஜனவரி 26, காலை 8.46. குடியரசு தினக் கொடியேற்றத்துக்குப் பிள்ளைகள் கிளம்பியிருந்த நேரம். குஜராத்தின் கட்ச் பகுதியில், பச்சாவ் ஊருக்கு அருகே பூமி பிளந்தது. அளவு 7.7. புஜ், பச்சாவ், அஞ்சார், ராப்பர் ஆகிய ஊர்கள் சிதைந்தன. மொத்தம் 13,800 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே விழுந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை கல்லையும் மண்ணையும் வைத்துக் கட்டிய பழைய வீடுகள்.

அகமதாபாத் அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அங்கே பதிவான தரையின் முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். கடுமையான ஆட்டம் என்று எந்தப் பொறியாளரும் அதைச் சொல்ல மாட்டார். நகரத்தின் பழைய செங்கல் வீடுகளில் பெரும்பாலானவை விரிசலோடு தப்பின. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட அடுக்குமாடிக் கான்கிரீட் கட்டடங்கள் விழுந்தன, அல்லது மீட்க முடியாதபடி உடைந்தன. அவற்றில் பல, கட்டிப் பத்து ஆண்டுகூட ஆகாதவை. அந்த நகரத்தில் மட்டும் சுமார் 750 பேர் இறந்தார்கள்.

அப்போதுதான் நான் முதுநிலைப் படிப்பை முடித்திருந்தேன். பிப்ரவரியில் சேதத்தைப் பார்த்துப் பதிவுசெய்யப் போன ஒரு குழுவோடு என் ஆசிரியர் என்னையும் அனுப்பினார். ஒரு தெருவில் நாங்கள் பார்த்த கட்டடத்தின் முதல் மாடி பால்கனி, சாலை மட்டத்தில் இருந்தது. மேலே மூன்று மாடிகளும் ஏறக்குறைய முழுசாக நின்றன. ஜன்னல் கண்ணாடிகள்கூட சில உடையவில்லை. காணாமல் போயிருந்தது கீழ்த்தளம் மட்டும். அது வண்டி நிறுத்த விட்டிருந்த திறந்த தளம். நாம் ஸ்டில்ட் என்கிறோமே, அதுதான். அடுத்தடுத்த தெருக்களிலும் இதே காட்சி. விழாமல் நின்ற சில கட்டடங்களில் கீழ்த்தளத்துப் பில்லர்களின் தலைப்பக்கம் கான்கிரீட் உதிர்ந்து, நெடுக்குக் கம்பிகள் வெளியே பிதுங்கியிருந்தன. அந்தக் கம்பிகளைச் சுற்றிக் கட்டியிருக்க வேண்டிய ரிங்குகள் வாய் திறந்து தொங்கின.

அந்தத் திறந்த ரிங்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் கட்டடம் எப்படி ஆடுகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

நிலநடுக்கம் கட்டடத்தை மேலிருந்து யாரோ தள்ளுவதுபோல் தள்ளுவதில்லை. தரை பக்கவாட்டில் நகர்கிறது. அஸ்திவாரமும் தரையோடு நகர்கிறது. மேலே இருக்கும் எடை, இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. அந்த எடையை இழுத்துக்கொண்டு வரவேண்டிய பொறுப்பு பில்லர்களுக்கு. ஆக, கட்டடம் எவ்வளவு கனமோ அவ்வளவு பெரிய விசை அதன்மேல் வரும். நம் கட்டடங்களில் எடையில் பெரும்பங்கு கான்கிரீட் தளமும் செங்கல் சுவரும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும்தான். எடையோடு ஆடும் கதியும் முக்கியம். ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று பக்கவாட்டில் ஒரு முறை ஆடிப் போய்வர ஏறக்குறைய அரை விநாடி ஆகும், பத்து மாடிக்கு ஒரு விநாடி. அடியில் இருக்கும் மண்ணும் அதே கதியில் ஆடும் மண்ணாக இருந்தால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதோடு சேர்ந்து பெருகும். 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரத்தில் நடந்தது இதுதான். நிலநடுக்க மையம் 350 கிலோமீட்டருக்கு அப்பால், பசிபிக் கரையில். ஆனால் நகரின் ஒரு பகுதி பழைய ஏரிப் படுகையின் களிமண்மேல் நின்றது. அந்தக் களிமண் இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஆடியது. நடுத்தர உயரக் கட்டடங்கள் அந்தக் கதியில் அகப்பட்டு விழுந்தன. அகமதாபாத்திலும் சபர்மதி கொண்டுவந்து கொட்டிய ஆழமான வண்டல் உண்டு. தொலைவு இருந்தும் அடுக்குமாடிகள் அடி வாங்கியதில் அதற்கும் பங்கு இருக்கிறது.

ஸ்டில்ட் ஏன் மோசம் என்பதற்கு வருகிறேன். மேல்மாடிகளில் பில்லருக்கும் பில்லருக்கும் நடுவே செங்கல் சுவர்கள் நிறைந்திருக்கின்றன. கணக்குப் போடும்போது அந்தச் சுவர்களை வெறும் எடையாக மட்டுமே எடுத்துக்கொள்வது வழக்கம். நிலநடுக்கம் அப்படிப் பார்ப்பதில்லை. பில்லர்கள் சாயப் பார்க்கும்போது சுவர் மூலைக்கு மூலை முட்டுக்கொடுத்து நிற்கும், மாடி விறைப்பாகிவிடும். கீழே சுவர் இல்லை. எனவே மேலே உள்ள மாடிகள் எல்லாம் சேர்ந்து ஒரே பெட்டியாக நகர, மொத்த அசைவும் கீழ்த்தளத்துப் பில்லர்கள் தலையில் விழுகிறது. ஐந்து தளங்கள் பகிர்ந்துகொண்டிருக்க வேண்டிய வளைவை ஒரே தளம் சுமக்கிறது. அகமதாபாத்தில் அந்தப் பில்லர்களும் ஒல்லியானவை. ஒன்பது அங்குலச் சுவரோடு சமமாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பல இடங்களில் 230 மில்லிமீட்டர் அகலம்தான். போதாததற்கு மேல்மாடிகளை வெளியே தள்ளிக் கட்டி, ஓரத்துப் பில்லர்களைத் தரைவரை கொண்டுவராமல் பீமின்மேல் நிறுத்தியிருந்தார்கள். வண்டி நிறுத்தும் தளத்தை எஃப்.எஸ்.ஐ. கணக்கில், அதாவது மனைக்கு அனுமதித்த கட்டடப் பரப்பில், சேர்க்காத விதி ஸ்டில்ட்டைப் பெருக்கியது. வீட்டுப் பரப்பு குறையாமல் கீழே வண்டிக்கும் இடம் வேண்டும் என்ற ஆசை எந்த நகரத்துக்கும் பொதுவானது. சென்னையில் வேளச்சேரியிலோ அண்ணா நகரிலோ ஒரு தெருவில் நடந்து பாருங்கள். கால்மேல் நிற்கும் வீடுகள்தான் வரிசையாக.

இப்போது முக்கியமான இடம். நிறுத்தி நிதானமாகப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இதை வீடு வாங்குகிற யாருக்கும் யாரும் சொல்வதில்லை.

நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1893. அதன் 2016 திருத்தத்தின்படி சென்னை மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் இருக்கிறது. 1000 டன் எடையுள்ள ஐந்து மாடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தரநிலை எதிர்பார்க்கும் ஆட்டத்தில் கட்டடம் விரிசலே விடாமல், கம்பி நெகிழாமல் நிற்க வேண்டுமானால் அதன்மேல் ஏறக்குறைய 200 டன் பக்கவாட்டு விசை வரும். ஆனால் நாங்கள் வடிவமைப்பது 200 டன்னுக்கு அல்ல. தரநிலையே அதை ஐந்தால் வகுக்கச் சொல்கிறது. 40 டன்னுக்குத்தான் கணக்கு. மீதி 160 டன் எங்கே போனது?

மீதியைக் கட்டடம் தன் சேதத்தால் ஈடுகட்ட வேண்டும். பெரிய நிலநடுக்கம் கட்டடத்தின் ஆயுளில் ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். அதற்காக ஒவ்வொரு வீட்டையும் கோட்டைபோல் கட்ட யாருக்கும் வசதி இல்லை. அதனால் உலகம் முழுக்கப் பொறியாளர்கள் செய்துகொண்ட ஏற்பாடு: சின்ன ஆட்டத்தில் சேதம் கூடாது, பெரிய ஆட்டத்தில் கட்டடம் உடையலாம், விழக் கூடாது. உடைவதும் நாங்கள் சொல்லும் இடத்தில், நாங்கள் சொல்லும் விதத்தில் உடைய வேண்டும். பீமின் இரு முனைகளிலும் கம்பி நெகிழ்ந்து, விரிசல் விட்டு, மீண்டும் மீண்டும் வளைந்து ஆற்றலைத் தின்றுவிட வேண்டும். பில்லர் வளையாமல் நிற்க வேண்டும், பீம் உடைந்தால் ஓர் அறை கெடும், பில்லர் உடைந்தால் மேலே உள்ள எல்லாம் இறங்கிவிடும் என்பதால். 1970களில் நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பார்க்கும் தாமஸ் பாலேயும் வளர்த்த சிந்தனை இது. கான்கிரீட்டில் கம்பி கட்டும் விதத்துக்கான, 2016இல் திருத்திய நம் தரநிலை ஐ.எஸ். 13920, ஒரு மூட்டில் சேரும் பில்லர்களின் வலிமை அங்கே சேரும் பீம்களின் வலிமையைப்போல் குறைந்தது 1.4 மடங்கு இருக்க வேண்டும் என்கிறது.

ஆக, ஐந்தால் வகுப்பது ஒரு சலுகை. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கம்பி கட்டும் விதம் 13920 சொல்கிறபடி இருக்க வேண்டும். சலுகையைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு நிபந்தனையைச் சைட்டில் கைவிட்டால், 200 டன் கேட்கும் இடத்தில் 40 டன்னுக்கான கட்டடம் வேறு எந்தத் துணையும் இல்லாமல் நிற்கும். என்னை இந்தத் தொழிலில் இன்றுவரை தூங்கவிடாத கணக்கு இதுதான்.

நிபந்தனையின் பெரும்பகுதி அந்த ரிங்கில் இருக்கிறது. தனியாக விட்டால் கான்கிரீட் ஒரு மீட்டருக்கு மூன்றரை மில்லிமீட்டர் சுருங்கும்போதே நொறுங்கிவிடும். கம்பி அப்படி இல்லை. 500டி என்று முத்திரை உள்ள கம்பி அறுவதற்கு முன் குறைந்தது 16 சதவீதம் நீள வேண்டும் என்பது தரநிலை. (கம்பி வாங்கும்போது அந்த 'டி' எழுத்தைப் பாருங்கள். வெறும் 500 அதைவிடக் குறைவாகவே நீளும்.) நொறுங்கும் கான்கிரீட்டை இந்த நீளும் கம்பியோடு சேர்த்து நீடிக்க வைப்பது எது? நெருக்கமாகக் கட்டிய ரிங். அரிசி மூட்டையை நிமிர்த்தி வைத்து அதன்மேல் நாலு மூட்டை அடுக்கலாம், சாக்கின் தையல் இருக்கும்வரை. தையல் பிரிந்தால் அரிசி சரியும். பில்லரின் கான்கிரீட் நசுங்கிப் பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும்போது ரிங் அதை இறுக்கிப் பிடிக்கிறது. உள்ளே தூளானாலும் சுமை நிற்கும். அதோடு நெடுக்குக் கம்பிகள் வெளியே மடங்காமல் தடுப்பதும், பில்லர் குறுக்காக வெட்டுப்படாமல் காப்பதும் அதே ரிங்தான்.

இதற்கு நான் மாணவர்களுக்கு எப்போதும் காட்டும் சான்று கலிஃபோர்னியாவில் இருந்து வருகிறது. 1971 பிப்ரவரி 9 அன்று சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கம். அளவு 6.6. அங்கே ஆலிவ் வியூ என்ற மருத்துவமனை அப்போதுதான் புதிதாகத் திறக்கப்பட்டிருந்தது. மேலே விறைப்பான மாடிகள், கீழ்த்தளம் நெகிழ்வானது. நிலநடுக்கம் முடிந்தபோது கீழ்த்தளம் பக்கவாட்டில் ஏறக்குறைய இரண்டடி சாய்ந்து அப்படியே நின்றிருந்தது. அந்தத் தளத்தில் இரண்டு வகைப் பில்லர்கள் இருந்தன. மூலையில் இருந்தவற்றில் சாதாரண ரிங்குகள், தள்ளித் தள்ளிக் கட்டியவை, அவை நொறுங்கின. மற்றவற்றில் சுருள்கம்பி நெருக்கமாகச் சுற்றியிருந்தது. அவற்றின் வெளித்தோல் உதிர்ந்தது, உடல் வளைந்தது, உள்கூடு மட்டும் கலையாமல் மேல்மாடிகளைத் தாங்கிக்கொண்டது. ஒரே கட்டடம், ஒரே ஆட்டம், ஒரே கான்கிரீட். ரிங் கட்டிய விதம்தான் வேறு. கட்டடத்தைப் பிறகு இடிக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அந்த மாடிகள் உள்ளே இருந்தவர்கள்மேல் இறங்கவில்லை.

அகமதாபாத்தில் நாங்கள் பார்த்த ரிங்குகளுக்கு இரண்டு குறை. இடைவெளி 200, 250 மில்லிமீட்டர் என்று அகன்றிருந்தது. இன்னொன்று, முனைகளை 90 டிகிரியில், எல் வடிவத்தில் மடித்திருந்தார்கள். வெளித்தோல் கான்கிரீட் உதிர்ந்ததும் எல் முனையைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, அது விரிந்துவிடும். 135 டிகிரி மடித்தால் முனை பில்லரின் உள்கூட்டுக்குள் புதைந்திருக்கும். தோல் போனாலும் பிடி விடாது. அந்தக் கொக்கியின் நீளம் 65 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 300க்கு 450 அளவுள்ள பில்லர் என்றால் மேலும் கீழும் அரை மீட்டர் தூரத்துக்கு 75 மில்லிமீட்டருக்கு ஒரு ரிங் வரவேண்டும், நடுவில் 150க்கு ஒன்று. பீமும் பில்லரும் சேரும் மூட்டுக்குள்ளும் ரிங் வேண்டும். அங்கேதான் அநேகமாக எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

ஏன் விடுகிறார்கள் என்பதை எனக்குப் புரியவைத்தவர் செஞ்சிப் பக்கத்துக் கம்பி மேஸ்திரி ஒருவர். கான்கிரீட் போடுவதற்கு முதல் நாள் பார்வையிடப் போனபோது கொக்கிகள் எல் வடிவத்தில் இருந்தன. பிரிக்கச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"மேடம், ரெண்டு முனையும் உள்ள மடக்கிட்டா பக்கத்துல இருந்து மாட்ட முடியாது. ஒவ்வொண்ணா மேல இருந்து இறக்கணும். மூட்டுல பீம் கம்பி குறுக்க வந்துடும், அதுக்குள்ள எங்க இறக்குறது?"

"பீம் கம்பி வைக்கிறதுக்கு முன்னாடியே ரிங்கைப் போட்டுடலாமே மேஸ்திரி."

"போடலாம். ஆனா எங்களுக்குக் கூலி டன் கணக்குல. ரிங்கு எடையே நிக்காது மேடம். ஆள் நாள் முழுக்க ரிங்கு மடக்குனா அவனுக்கு நான் என்ன குடுப்பேன்?"

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். அந்தப் பில்லரின் எட்டு மில்லி ரிங் ஒன்று அரைக் கிலோ எடை. அதற்கு மூன்று மூலை மடிப்பு, இரண்டு கொக்கி, பிறகு நான்கு மூலையிலும் கட்டுக்கம்பி முடிச்சு. 25 மில்லி கம்பி மூன்று மீட்டர் துண்டு பதினொன்றரைக் கிலோ. வெட்டி நிறுத்தினால் முடிந்தது. உயிரைக் காக்கும் வேலைக்கு மிகக் குறைந்த கூலி வரும்படி நாம்தான் ஒப்பந்தம் எழுதியிருக்கிறோம். மேஸ்திரியைக் குறைசொல்லி என்ன பயன்? அதன்பிறகு நான் வரைந்துகொடுக்கும் வேலைகளில் ரிங்குக்கு எண்ணிக்கைக் கணக்கில் தனிக் கூலி எழுதச் சொல்கிறேன். கட்டடத்தின் மொத்தச் செலவில் அது கண்ணுக்கே தெரியாது. கொக்கிகள் சரியாக வருகின்றன.

குஜராத்துக்குப் பிறகு விதிகள் மாறின. 2002இல் திருத்திய ஐ.எஸ். 1893, அதுவரை இரண்டாம் மண்டலத்தில் இருந்த சென்னையை மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றியது. ஸ்டில்ட் தளத்துப் பில்லர்களையும் பீம்களையும் இரண்டரை மடங்கு விசைக்கு வடிவமைக்கச் சொன்னது. 2016 திருத்தம் அதையும் தாண்டிப் போய், திறந்த தளத்தில் தேர்ந்தெடுத்த இடங்களில் கான்கிரீட் சுவர்களோ மூலைவாட்டு முட்டுகளோ வைத்து விறைப்பேற்றச் சொல்கிறது. தமிழ்நாட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஏறக்குறைய 6 அளவில் பூமி அதிர்ந்திருக்கிறது. குஜராத் நடந்த அதே 2001இல், செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் ஒன்று வந்து சென்னைவரை உணரப்பட்டது. அகமதாபாத்தும் மூன்றாம் மண்டலம்தான்.

புதிதாகக் கட்டுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பில்லருக்குப் பலகை அடைப்பதற்கு முன் ஒரு மணி நேரம் சைட்டுக்குப் போங்கள். அளவுநாடா போதும். ரிங் இடைவெளியை அளந்து, கொக்கி உள்நோக்கி மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, பீம் சேரும் இடத்தில் ரிங் இருக்கிறதா என்றும் பார்த்து, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு எவரும் அதைத் திறந்து பார்க்க முடியாது.

2002க்கு முன் கட்டிய ஸ்டில்ட் வீடுகளில் வசிப்பவர்கள்தான் எனக்கு அதிகக் கவலை. அவற்றுக்கும் வழி இருக்கிறது. பலவீனமான பில்லரைச் சுற்றிப் புதுக் கம்பிக் கூடு கட்டிக் கான்கிரீட் உறை போடலாம். சில இடங்களில் அஸ்திவாரத்திலிருந்து எழுப்பிய கான்கிரீட் சுவர்களை இரண்டு திசையிலும் வைக்கலாம். எல்லாவற்றையும் ஒரே பக்கம் வைத்துவிட்டால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும் என்பதால் இரு பக்கமும் சமமாக வரவேண்டும். மேல்வீடுகளைக் காலி செய்ய வேண்டியதில்லை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னதும் முதலில் வரும் கேள்வி, "அப்போ என் கார் எங்கே நிக்கும்?" நியாயமான கேள்வி. அதனால் வண்டிகள் நிற்கிற வாக்கிலேயே, இரண்டு காருக்கு நடுவே ஒரு சுவர் வைப்பேன். தடிமன் 200 மில்லிமீட்டர். மற்றொரு திசைக்கான சுவர்கள் காம்பவுண்டை ஒட்டி, காரின் பின்பக்கம் வரும். வரைபடத்தில் கார்களையும் வரைந்தே எடுத்துப் போகிறேன்.